ஊதுவோரும் ஊதியமும்: மைசூர் எல்லை நிலத்தில் காற்றுக்கருவிக் கலைஞர்கள்

தமிழகத்தின் வடமேற்கு மூலையில், கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டிக் கிடக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம், இசை வரலாற்றை எழுதியோரால் பெரும்பாலும் நின்று பார்க்கப்படாமல் கடந்து செல்லப்பட்ட நிலமாகும். காவிரிப் படுகையின் நாகசுர மரபு பற்றியும், தஞ்சை அரண்மனை பற்றியும், சென்னையின் சபாக்கள் பற்றியும் விரிவான நூல்கள் எழுந்துள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இந்த மேட்டுநிலமோ படைகள் கடந்த வழியாகவும், அண்மைக் காலத்தில் தொழிற்சாலைகளின் இருப்பிடமாகவும் மட்டுமே அறியப்படுகிறது. ஆயினும், ஊதுகருவியில் இயல்பான திறன் கொண்டு பிறக்கும் ஒரு சிறுவன் எவ்வழியே சென்று சம்பளம் பெறும் இசைக்கலைஞன் ஆகிறான் என்னும் கேள்விக்கு விடை தேடுவோர்க்கு, படையும் அரண்மனையும் தொழிற்சாலையும் அடுத்தடுத்து வந்த இந்த நிலம் மிகுந்த பயன் தரக்கூடியது. திறமை எங்கும் பிறந்திருக்கிறது. அதற்கு மாதந்தோறும் படியளந்த இடங்கள் சில மட்டுமே இருந்தன, அவை மாறும்தோறும் கருவிகளும் கலைஞர்களும் மாறினர் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

இன்று டிரம்பெட் என்று அழைக்கப்படும் மேலைக் கருவி, தமிழில் எக்காளம் என்னும் பழைய பெயராலும் குறிக்கப்படுகிறது. நாகசுரத்தில் சீவாளி என்னும் நாணல் தகடு அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கிறது. கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் ஒற்றை நாணல் தகடு அப்பணியைச் செய்கிறது. எக்காளத்திலும் டிரம்பெட்டிலும் தகடு ஏதும் இல்லை. ஊதுபவரின் இதழ்களே கிண்ணம் போன்ற ஊதுவாயில் அழுந்தி அதிர்ந்து, குழாயினுள் இருக்கும் காற்றை இயக்குகின்றன. இவ்வகைக் கருவிகள் தமிழ் நிலத்திற்குப் புதியவை அல்ல. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளை அடுக்கிக் கூறுகையில் கோடு என்னும் கொம்பையும் நெடிய தூம்பையும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் செங்கண்மா, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தெற்கெல்லையை அடுத்துள்ள செங்கமே ஆகும். கோயில்களில் திருச்சின்னமும் எக்காளமும், ஊர்த் திருவிழாக்களிலும் சாவு ஊர்வலங்களிலும் தாரையும் கொம்பும் ஊதப்பட்ட வழக்கம், கொங்கிலும் அதனை அடுத்த மேட்டு நிலத்திலும் நெடுங்காலம் நிலவியது.

இக்கருவிகள் அனைத்திற்கும் பொதுவான ஒரு குறை உண்டு. துளையோ வால்வோ இல்லாத ஒரு குழாயை ஊதினால், அதன் நீளத்திற்கு இயற்கை வகுத்த சில சுரங்கள் மட்டுமே பிறக்கும். தமிழிசை வழக்கில் சொல்வதானால், கீழே ஒரு ஷட்ஜம், அதன்மேல் பஞ்சமம், மீண்டும் ஷட்ஜம், அந்தர காந்தாரம், மறுபடி பஞ்சமம் என்று தாவித் தாவியே செல்ல முடியும். இடைப்பட்ட ரிஷபமும் மத்திமமும் தைவதமும் தாழ்ந்த பகுதியில் கிட்டாது. படை முகாமில் ஊதப்படும் பியூகிள் என்னும் சிறு கொம்பின் அழைப்புகள் எல்லாம் இந்த நான்கைந்து சுரங்களுக்குள்ளேயே அடங்கியிருப்பதன் காரணம் இதுதான். மேலை நாட்டில் இக்குறையைக் களைய முயன்றவர்களுள் வியன்னாவின் ஆன்டன் வைடிங்கர் குறிப்பிடத்தக்கவர். அவர் குழாயில் துளைகளும் மூடிகளும் அமைத்த டிரம்பெட்டுக்காகவே இசையமைப்பாளர் ஹைடன் 1796இல் தம்முடைய புகழ்பெற்ற டிரம்பெட் கான்செர்ட்டோவை இயற்றினார். கான்செர்ட்டோ என்பது ஒரு தனிக் கருவியும் முழு இசைக்குழுவும் மாறி மாறியும் இணைந்தும் ஒலிக்கும் நெடிய இசைப்படைப்பாகும். 1810களில் ஜெர்மானிய நாட்டினர் வால்வைக் கண்டறிந்த பின்னரே, மூன்று வால்வுகளை வெவ்வேறு வகையில் அழுத்தி, குழாயின் நீளத்தை ஏழு வகையாக மாற்றி, பன்னிரண்டு சுரத்தானங்களையும் ஒரே கருவியில் எழுப்ப இயன்றது. நாகசுரமும் புல்லாங்குழலும் துளைகளால் பெற்றிருந்த சுதந்திரத்தை, பித்தளைக் கருவி பொறியியலால் பெற்ற நிகழ்ச்சி இது.

யார் ஊதினர் என்னும் கேள்வி, எதை ஊதினர் என்பதைக் காட்டிலும் முக்கியமானது. வாயில் வைத்து ஊதும் கருவி எச்சில் படும் கருவி என்னும் எண்ணம் தமிழ்ச் சமூகத்தில் ஆழ வேரூன்றியிருந்தமையால், குழல் ஒன்று நீங்கலாக, ஊதுகருவிகள் குறிப்பிட்ட சில குலங்களின் தொழிலாகவே ஒதுக்கப்பட்டன. பெரிய மேளம் என்று வழங்கிய நாகசுரமும் தவிலும் இசை வேளாளர் போன்ற சமூகத்தாரிடமும், தாரையும் கொம்பும் பறையோடு இணைந்து ஒடுக்கப்பட்டோரிடமும் இருந்தன. கோயிலில் ஊதியவர்க்கு மானிய நிலமும் பட்டைச் சோறும் கிடைத்தன. சாவுக்கு ஊதியவர்க்கு அன்றன்றைய கூலி கிடைத்தது. இரு சாராரிடமும் பயிற்சி வீட்டிலேயே நடந்தது: தந்தையோ மாமனோ ஊத, சிறுவன் முதலில் ஒத்து என்னும் சுருதிக் கருவியைப் பிடித்து மூச்சைப் பழக்கி, பின்னரே சீவாளியைத் தொட்டான். மேலை நாட்டிலும் இதையொத்த கட்டுப்பாடு இருந்தது. 1623இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டின் ஆணையால் உரிமை பெற்ற எக்காளக்காரர் சங்கம், தன் உறுப்பினர் அல்லாதோர் அக்கருவியை ஊதுவதையே தடுத்து, தொழிலைத் தன்னுள் காத்துக்கொண்டது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது: அங்கே கட்டுப்பாடு ஊதுவோரின் மதிப்பை உயர்த்தியது, இங்கே ஊதுவோருள் பெரும்பாலோரை அது தாழ்த்தியது.

மேலைப் பித்தளைக் கருவிகள் இந்த எல்லை நிலத்தில் படையோடுதான் நுழைந்தன. பாராமகால் என்று பெயர் பெற்ற கிருஷ்ணகிரிப் பகுதி, பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்னும் பொருளை அப்பெயருள் தாங்கியது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த போர்களில் அக்கோட்டைகள் பலமுறை கைமாறின. 1791 ஜூலையில் ஓசூர் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மீது நடந்த தாக்குதல் தோற்றது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனிக்கு உரியதாயிற்று. ஓசூரை உள்ளடக்கிய பாலாகாட் பகுதி திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் 1799இல் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நில அளவை செய்து வரி விதித்த காலம் இது. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படை பெங்களூருக்கு இடம்பெயர்ந்து அங்கே கன்டோன்மென்ட் எழுந்தபோது, ஓசூர் ஒரு பெரும் படைநகரத்தின் வாயிலில் நின்றது. 1820களில் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரைப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. 1,641 ஏக்கர் பரப்புள்ள அப்பண்ணையே பிற்காலத்தில் அரசு கால்நடைப் பண்ணையாக மாறியது.

குதிரைக்கும் டிரம்பெட்டுக்கும் உள்ள உறவு தற்செயலானது அன்று. காலாட்படை பியூகிளாலும் முரசாலும் இயங்க, குதிரைப்படை டிரம்பெட்டால் இயங்கியது. சேணம் பூட்டு, ஏறு, நட, பாய் என்னும் கட்டளைகள் அனைத்தும் வாய்ச்சொல் எட்டாத தொலைவுக்கு எக்காள ஒலியாகவே சென்றன; படைக்குரிய குதிரை துப்பாக்கியின் ஓசைக்கும் டிரம்பெட்டின் ஓசைக்கும் ஒருங்கே பழக வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் படையில் இக்கருவியை ஊத அமர்த்தப்பட்டவர்களில் பலர் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவர்கள். அவர்கள் இசைக்கலைஞர்களாக எண்ணப்படவில்லை. செய்தி சொல்லும் கருவிகளாகவே எண்ணப்பட்டனர். ஆயினும் மேலைப் பித்தளைக் கருவியில் ஒரு சிறுவன் சம்பளம் பெற்ற முதல் வழி இதுவே என்பதால், இதனை வரலாறு அலட்சியம் செய்ய இயலாது.

அச்சிறுவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பது மனத்தை வருத்தும் செய்தி. சென்னையில் 1789இல் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கென ஆண்கள் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. ஆன்ட்ரூ பெல் அதன் பொறுப்பை ஏற்று, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைத் தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் கண்டு, அங்கே கையாண்டு, பின்னர் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அக்காப்பகத்துப் பிள்ளைகளில் பலர் ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். 1795இல் கம்பெனி பிறப்பித்த ஆணை, இத்தகைய கலப்புப் பிறப்பினரைப் போர்ப் பணியிலிருந்து விலக்கி, முரசறைவோர், குழலூதுவோர், பேண்டுக்காரர், குதிரை லாடக்காரர் ஆகிய பணிகளை மட்டும் அவர்க்கு விட்டுவைத்தது. ஒரு சமூகத்துக்கு மற்றக் கதவுகள் அடைக்கப்பட்டபோது இசை என்னும் கதவு திறந்திருந்தது. அது கௌரவத்தினால் திறந்து வைக்கப்பட்டதன்று. தென்னிந்தியாவில் மேலைக் கருவிகளை வாசித்த ஆங்கிலோ இந்தியக் கலைஞர்களின் நீண்ட மரபுக்கு இந்த ஆணையும் ஒரு வேராகும்.

இதனை வியன்னாவில் நிகழ்ந்த ஒன்றோடு ஒப்பிடலாம். 1768 டிசம்பரில், வியன்னாவின் ரென்வேக் பகுதியில் அமைந்த அநாதை இல்லத்துத் தேவாலயத்தின் திறப்பு விழாவுக்காகப் பன்னிரண்டு வயது மொசார்ட் ஒரு திருப்பலி இசையையும், அவ்வில்லத்துச் சிறுவன் ஒருவன் வாசிப்பதற்கென்று ஒரு டிரம்பெட் கான்செர்ட்டோவையும் இயற்றினார் என்று அவருடைய தந்தையின் கடிதம் தெரிவிக்கிறது. அந்தக் கான்செர்ட்டோவின் பிரதி தொலைந்துபோயிற்று. சால்ஸ்பர்க் அரசவையின் எக்காளக்காரரும் மொசார்ட் குடும்பத்தின் நண்பருமான ஷாக்ட்னர், சிறுவன் மொசார்ட் ஏறக்குறையப் பத்து வயது வரை, தனியே ஊதப்படும் டிரம்பெட் ஒலியைக் கேட்டால் அஞ்சி நடுங்குவான் என்று பிற்காலத்தில் எழுதியுள்ளதை இங்கே இணைத்து நோக்குகையில், அச்சத்தை வென்ற சில ஆண்டுகளிலேயே ஓர் அநாதைச் சிறுவனுக்காக அதே கருவிக்கு அவன் இசை எழுதினான் என்பது நெஞ்சைத் தொடும் உண்மையாகிறது. வியன்னாவிலும் சென்னையிலும் அநாதை இல்லங்கள் இசையைக் கற்பித்தமைக்குக் காரணம் ஒன்றே: நிலமும் குலத்தொழிலும் இல்லாத பிள்ளைக்கு, விரைவில் சம்பளம் தரக்கூடிய கைத்தொழிலாக அது இருந்தது.

படை பேண்டுகளின் ஒலி தென்னிந்திய இசைவாணரின் செவியிலும் விழுந்தது. திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), சென்னைக்கு அருகில் மணலியில் குடும்பத்தோடு வாழ்ந்த காலத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நொட்டு சுவரம் என்று பெயர் பெற்ற அவை ஏறத்தாழ நாற்பது. எல்லாம் சங்கராபரணத்தில் அமைந்தவை. மேலை இசையின் மேஜர் என்னும் அடிப்படைச் சுரவரிசை சங்கராபரணத்தோடு ஒத்திருப்பதும், வால்வில்லாக் குழாயில் பிறக்கும் ஷட்ஜ, காந்தார, பஞ்சமங்கள் அதன் உறுப்புகளாகவே அமைவதும் இதற்குக் காரணம். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) இன்னும் ஒரு படி மேலே சென்றார். மணலி முதலியாரின் ஆதரவில் ஐரோப்பிய இசைக்காரர் ஒருவரிடம் இளம் வயதிலேயே வயலின் கற்று, அக்கருவியைக் கர்நாடக இசைக்கு வசமாக்கி, பின்னர் எட்டயபுரம் அரசவையில் சமஸ்தான வித்துவானாக அமர்ந்தார். மேலைக் கருவியில் இளமையில் வெளிப்பட்ட திறமை நிலையான பதவியாகக் கனிந்த தென்னிந்திய வாழ்க்கைகளுள் காலத்தால் மிக முந்தியவற்றுள் இது ஒன்று. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) மேலைக் கருவிகள் கொண்ட பேண்டு ஒன்றைப் பேணியதும், நாட்டிய மேளமான சின்ன மேளத்தில் மகாதேவ நட்டுவனார் வழியே கிளாரினெட் புகுந்ததும் இதே போக்கின் கிளைகள்.

எல்லை நிலத்துக்கு மிக அண்மையில், மிக நீண்ட காலம், மிகத் தாராளமாகச் சம்பளம் அளித்த இடம் மைசூர் அரண்மனையே. 1881இல் ஆட்சி திரும்ப அளிக்கப்பட்ட பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில், பசவப்ப சாஸ்திரி இயற்றிய மைசூர் நாட்டுப்பண் தீரசங்கராபரணத்தில் அமைந்தது; பேண்டு வாசிக்கக்கூடிய இராகமாக அது இருந்ததை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வீணை சேஷண்ணாவும் மைசூர் வாசுதேவாச்சாரியாரும் விளங்கிய அதே அவையில், பித்தளைக் கருவிகளைக் கொண்ட இரு பிரிவுகள் உருப்பெற்றன: ஒன்று மேலை இசையை மட்டுமே வாசிக்கும் ஆங்கில பேண்டு, மற்றொன்று மேலைக் கருவிகளிலேயே கீர்த்தனைகளை வாசிக்கும் கர்நாடக பேண்டு. இந்த இரண்டாவது பிரிவு இந்திய இசை வரலாற்றில் அரிய முயற்சி. கிளாரினெட்டும் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் ஒருங்கிணைந்து தியாகராசர் கிருதியை வாசிக்கும்போது, கமகம் என்னும் சுர அசைவை எவ்வளவு காக்கலாம், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் கேள்விகளை நாள்தோறும் கைப்பழக்கத்தால் தீர்த்துக்கொண்ட கலைஞர்கள் அவர்கள். அவர்களுடைய தீர்வுகள் எந்த இலக்கண நூலிலும் இடம் பெறவில்லை என்பது இத்துறையின் பேரிழப்பு.

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் தாமே புல்லாங்குழல், வயலின், சாக்ஸபோன், பியானோ, மிருதங்கம், நாகசுரம், சிதார், வீணை என எட்டுக் கருவிகளை வாசிக்க வல்லவர் என்று போற்றப்படுகிறார். ஓர் அரசர் நாகசுரத்தையும் சாக்ஸபோனையும் தம் இதழில் வைத்தது, எச்சில் கருவி என்னும் பழைய இழிவை உடைத்த செயலாகக் கொள்ளத்தக்கது. அவருடைய காலத்தில் அரண்மனையின் மேலை இசைக்குழுவை ஓட்டோ ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் நடத்தினார். நால்வடி உடையாருக்குப் பின் 1940இல் அரியணை ஏறிய ஜெயசாமராஜேந்திர உடையார், பியானோ பயின்று, லண்டனின் கில்டுஹால், டிரினிட்டி ஆகிய இசைக்கல்லூரிகளின் பட்டங்களைப் பெற்றவர். 1948இல் லண்டனில் பில்ஹார்மோனியா கான்செர்ட் சங்கத்தின் முதல் தலைவரானார். ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளைத் தம் பொருட்செலவில் இசைத்தட்டுகளாக்கினார். 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இறுதி நான்கு பாடல்கள் முதன்முறையாக அரங்கேறிய நிகழ்ச்சிக்கு அவர் 4,800 டாலர் உத்தரவாதம் அளித்திருந்தார். ஓசூரிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்த அரண்மனை ஒன்று, ஐரோப்பியச் செவ்விசையின் தலைநகரத்தில் அரங்குக்குப் பணம் கொடுத்த காலமும் இருந்தது என்பதை இன்றைய தலைமுறை அறிதல் நல்லது.

சமஸ்தானங்கள் மறைந்தபோது அரண்மனை பேண்டு அழிந்துவிடவில்லை. மாநிலக் காவல்துறையின் அமைப்பாக மாறி, ஆங்கிலப் பிரிவோடும் கர்நாடகப் பிரிவோடும் இன்றும் மைசூர் தசராவில் வாசிக்கிறது. அரசரின் சம்பளம் அரசின் சம்பளமாயிற்று. தஞ்சை பேண்டுக்கு இத்தகைய நல்வாய்ப்பு அமையவில்லை.

இந்த அரண்மனை பேண்டின் ஒலி ஒரு சிறுவனின் வாழ்வை மாற்றிய கதை, இங்கே ஆராயப்படும் பொருளுக்கு மிக நெருங்கிய சான்றாகும். கத்ரி கோபால்நாத் 1949இல் தென் கன்னடத்துப் பண்ட்வால் வட்டத்தில் நாகசுரக் கலைஞர் தனியப்பாவின் மகனாகப் பிறந்தார். குலவழக்கப்படி தந்தையிடம் நாகசுரம் பயின்றுவந்த அவர், மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் ஒலிப்பதைக் கேட்டு, அக்கருவியையே தம் வாழ்வாகக் கொள்ளத் துணிந்தார். சாக்ஸபோன் பித்தளையால் ஆனதேனும் நாணல் தகட்டால் ஒலிப்பது. அடால்ஃப் சாக்ஸ் என்பவர் 1846இல் உரிமம் பெற்ற கருவி. அதன் மூடிகள் சுரங்களைத் தனித்தனியே வெட்டித் தருமே அன்றி, நாகசுரத்தின் திறந்த துளையில் விரல் மெல்ல நகர்வதால் பிறக்கும் குழைவைத் தாமாகத் தாரா. ஆகவே இதழின் அழுத்தத்தாலும் தொண்டையின் கட்டுப்பாட்டாலும் அக்குழைவை வருவிக்க வேண்டியிருந்தது. இதில் தேர்ச்சி பெற அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார்.

மங்களூர் கலாநிகேதனத்தில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் அவர் பெற்ற பயிற்சி, பேண்டுக் கருவியைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியது. 1980ஆம் ஆண்டு பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கச் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டியுடன் வாசித்தார். 1994இல் லண்டனில் பிபிசி நடத்தும் புரோமனேட் இசைவிழாவில் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் வாசித்தார். மைசூர் அரசர் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பொருள் கொடுத்த அதே மண்டபம் அது. அவ்வாண்டிலேயே ஏ. ஆர். ரகுமான் இசையில் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படம் அவருடைய ஒலியைத் தமிழகத்தின் ஒவ்வொரு சிற்றூருக்கும் கொண்டு சேர்த்தது. 2004இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார். அவர் வென்றதன் விளைவு மேடையோடு நிற்கவில்லை. கர்நாடகத்துத் திருமணங்களில் நாகசுரம் இருந்த இடத்தில் சாக்ஸபோன் அமர்வது இன்று இயல்பாகிவிட்டது.

டிரம்பெட்டுக்கு இத்தகைய ஒரு கோபால்நாத் வாய்க்கவில்லை. நாணல் தகடு உள்ள கருவியில் சுரத்தை வளைக்க இயலும் அளவுக்கு, இதழால் ஒலிக்கும் வால்வுக் கருவியில் நெடிய ஆலாபனையைத் தாங்குவது எளிதன்று. இதழ்த் தசைகள் சோர்ந்துவிட்டால் ஒலி உடைந்துவிடும், ஓய்வின்றி இரண்டு மணி நேரக் கச்சேரி செய்ய அவை இடம் தரா. மேலைச் சிம்பொனி இசையில் டிரம்பெட் கலைஞர் பல பக்கங்கள் வாளாவிருந்து, உரிய இடத்தில் மட்டும் எழுந்து ஒலிப்பது அழகியல் மட்டுமன்று, உடலியலும் ஆகும். எனவே இக்கருவிக்குத் தமிழகத்தில் கிடைத்த இருக்கைகள் கூட்டிசையிலேயே அமைந்தன: கத்தோலிக்க ஊர்களின் தேர்பவனியிலும், திருமண ஊர்வலத்திலும் வாசிக்கும் பேண்டு செட்டுகள் ஒருபுறம், கோடம்பாக்கத்தின் திரையிசைக் கூடங்கள் மறுபுறம். எம். எஸ். விஸ்வநாதன், இளையராஜா ஆகியோரின் பாடல்களில் ஒலிக்கும் பித்தளைக் கருவிகளை வாசித்தோர், கால்ஷீட் என்று வழங்கும் நேர அளவுக்குக் கூலி பெற்ற தேர்ந்த கலைஞர்கள். அவர்களின் பெயர்கள் இசைத்தட்டுகளில் அச்சேறவில்லை. 1990களில் மின்னணு இசைப்பலகை அவர்களுடைய இருக்கைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டது. ஆர்க்கெஸ்ட்ரா என்னும் சொல்லே கிருஷ்ணகிரி வட்டாரத் திருவிழாச் சுவரொட்டிகளில், திரைப்பாடல் பாடும் மெல்லிசைக் குழுவைத்தான் குறிக்கிறது. இச்சொற்பொருள் மாற்றத்தைப் பிழை என்று தள்ளாமல், எந்த இசைக்குழு இம்மக்களுக்கு எட்டியது என்பதன் சான்றாகக் கொள்வதே நேர்மையாகும்.

ஓசூரின் அண்மைக்கால வரலாறு இப்பொருளுக்குப் புதிய திருப்பம் ஒன்றைத் தருகிறது. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், 1980ஐ ஒட்டி டிவிஎஸ் மொபெட் ஆலையும் அசோக் லேலண்டு சரக்குந்து ஆலையும் அங்கே எழுந்தன. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து 1984இல் உருவாக்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகார ஆலையும் ஓசூரிலேயே அமைந்தது. அந்நிறுவனம் தன் விளம்பரத்துக்குத் தேர்ந்த இசை, மொசார்ட்டின் 25ஆம் சிம்பொனியின் தொடக்கப் பகுதி. 1773 அக்டோபரில், பதினேழு வயதில், சால்ஸ்பர்க்கில் அவர் எழுதி முடித்த படைப்பு அது. வால்வில்லாத காலத்துக் கொம்புகளில் சுரப் பஞ்சம் இருந்தமையால், வெவ்வேறு சுருதியில் அமைந்த இரு இணைக் கொம்புகளை, ஆக நான்கினை, அதில் மொசார்ட் பயன்படுத்தி, ஒன்றில் இல்லாத சுரத்தை மற்றொன்றால் நிரப்பினார். டிரம்பெட் அதில் இல்லை. மேலைச் செவ்விசை என்னும் பெயரையே கேட்டிராத கோடிக்கணக்கான இந்தியர், ஓசூரில் செய்த கடிகாரத்தின் அடையாளமாக அம்மெட்டை இன்றும் முணுமுணுக்கின்றனர்.

இவ்வளவு அறிமுகம் வாய்த்தும், அவ்வூரில் பிறக்கும் சிறுவன் ஒருவன் டிரம்பெட்டைக் கையில் எடுத்தால் அவன் ஏறவேண்டிய படிகள் நெடியவை. பள்ளி பேண்டிலோ தேவாலயத்திலோ முதல் ஒலியைப் பிறப்பித்தபின், நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் ஆசிரியரைத் தேட வேண்டும். அங்கே 1987இல் நிறுவப்பட்ட பெங்களூர் இசைப்பள்ளி போன்ற நிறுவனங்கள் மேலை இசையைக் கற்பிக்கின்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரி இந்திய நகரங்களில் நடத்தும் தேர்வுகளின் எட்டுப் படிநிலைகளையும், அவற்றின் மேலுள்ள பட்டயங்களையும் கடக்க வேண்டும். அதன்பின் கன்சர்வேட்டரி எனப்படும் வெளிநாட்டு இசைக்கல்லூரி. அதன்பின் ஆடிஷன் என்னும் தேர்வு. பல நாடுகளில் வாசிப்பவரின் முகமும் இனமும் பாலும் தெரியாதவாறு திரைக்குப் பின்னால் அமர்த்தி அத்தேர்வு நடத்தப்படுகிறது. பிறப்பால் இருக்கை வகுத்த உலகில் வளர்ந்த சமூகங்களுக்கு, அந்தத் திரை மிகப்பெரிய நீதியாகும். எனினும் இருக்கைகள் குறைவு: ஒரு சிம்பொனிக் குழுவில் வயலின் கலைஞர் முப்பதுபேர் வரை அமரும்போது, டிரம்பெட்டுக்கு இடம் இரண்டு அல்லது மூன்றே.

இந்தியாவில் முழுநேரச் சம்பளம் தரும் சிம்பொனிக் குழுவாக, மும்பையில் 2006இல் தொடங்கப்பட்ட சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஒன்றே நிற்கிறது. கசகஸ்தானிய வயலின் கலைஞர் மராத் பிசெங்காலியேவின் துணையோடு உருவான அக்குழு, தொடக்கத்தில் தன் நாற்காலிகளில் பெரும்பாலானவற்றை வெளிநாட்டுக் கலைஞரைக் கொண்டே நிரப்ப வேண்டியிருந்தது. இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியபோதும், அதை வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவே. தமிழில் பிறந்த இசையை வாசிக்கத் தமிழகத்தில் முழுநேர இசைக்குழு இல்லை என்பது வருந்தத்தக்க நிலை. இன்றைக்கும் எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு டிரம்பெட்டால் உறுதியான ஊதியம் தரும் வழி படையே: 1950இல் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் தொடங்கப்பட்ட இராணுவ இசைப் பயிற்சிப் பிரிவு, படைவீரரை பேண்டுக் கலைஞராக்குகிறது, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் பொறியாளர் பிரிவு தனக்கென பேண்டு வைத்திருக்கிறது.

வியன்னாவில் மொசார்ட்டின் கான்செர்ட்டோவை வாசித்த அநாதைச் சிறுவனின் பெயரை, மொசார்ட்டின் தந்தை லியோபோல்ட் தம் கடிதத்தில் எழுதவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் பேண்டு செட்டுகளை நடத்தி, பிள்ளைகளுக்கு முதல் ஊதுவாயைக் கையில் கொடுத்த முதிய பேண்டு மாஸ்டர்கள் பலர் இன்னும் வாழ்கின்றனர். அவ்வட்டாரத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறையினரும் தமிழ்த் துறையினரும், அவர்கள் பெயரையும், அவர்க்குக் கற்பித்தவர் பெயரையும், அவர்கள் வாசித்த மெட்டுகளையும் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.